குடியிருப்பு மண்டலத்தில் 32 சென்ட்: பட்டறை போட நில உபயோக மாற்றம் வாங்குவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: கோவை மாநகராட்சி எல்லைக்குள் 32 சென்ட் காலி இடம். முழுமைத் திட்டத்தில் (எந்த இடம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளானில்) குடியிருப்பு என்று காட்டுகிறது. முன்னால் 20 அடித் தெரு. பம்ப் உதிரிபாகங்களுக்கு இரண்டு லேத் (கடைசல் மெஷின்), ஒரு சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) போட்டு ஷெட் கட்ட வேண்டும். இடத்தைத் தொழிற்சாலை மண்டலமாக மாற்ற எங்கே விண்ணப்பிப்பது, என்னென்ன வேண்டும், எங்கே மாட்டும்?

மாற்றத்துக்கு மனு எழுதும் முன், மாற்றம் தேவைதானா என்று பாருங்கள். இந்தக் கேள்வியோடு வருபவர்களில் கணிசமானவர்களுக்கு அது தேவைப்படாது. குடியிருப்பு மண்டலம் என்றால் வீடு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஒவ்வொரு மண்டலத்திலும் என்னென்ன வரலாம் என்று பட்டியல் போட்டிருக்கின்றன. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு என்று இரண்டு வகை உண்டு. முதலாவதில் குடிசைத் தொழில் அளவுக்குத்தான் இடம். இரண்டாவதில் சிறு தொழிலுக்குக் கொஞ்சம் தாராளம். எந்த மண்டலத்தில் எந்தத் தொழில், எத்தனை எச்.பி. மோட்டார் வரை என்பதை அந்த விதிகளின் நடப்புப் பதிப்பில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் எச்.பி. கணக்குகள் பெரும்பாலும் பழைய வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் இருந்து எடுத்தவை. அவற்றை நம்பி மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தப் பட்டியலைப் படிக்க உங்கள் கையில் இரண்டு விவரம் இருக்க வேண்டும். ஒன்று மொத்த மோட்டார் திறன், மற்றொன்று மாசு வகை.

மோட்டார் திறனைப் பெரிய மெஷினை மட்டும் வைத்துக் கணக்கிடக் கூடாது. ஷெட்டுக்குள் சுழல்வது அத்தனையும் சேரும். லேத் இரண்டு, தலா 3 எச்.பி. என்றால் 6. டிரில்லிங் மெஷின் இரண்டு, தலா 1 என்றால் 2. கம்ப்ரஸர் 5. சிஎன்சி டர்னிங் சென்டருக்கு ஸ்பிண்டில், சர்வோ, ஹைட்ராலிக், கூலண்ட் பம்ப் எல்லாம் சேர்த்து 15 கிலோவாட் என்று வைத்தால் சுமார் 20 எச்.பி. மொத்தம் 33 எச்.பி. ஒரு எச்.பி. 0.746 கிலோவாட், ஆக 24.6 கிலோவாட். 'சின்னப் பட்டறைதானே' என்று ஆரம்பித்தவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டதும்தான் எங்கே நிற்கிறோம் என்று புரிந்துகொள்வார்கள். இன்னும் மூன்று வருடத்தில் வாங்கப்போகும் இரண்டாவது சிஎன்சியையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். அனுமதி 25 கிலோவாட்டுக்கு, ஓடுவது 40 என்று ஆனால் வாங்கிய தாள் உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

மாசு வகைக்கு வருவோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016இல் தொழில்களை மதிப்பெண் போட்டுச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்தது. 2025இல் மதிப்பெண் முறையைத் திருத்தி, நீலம் என்று ஐந்தாவது வகையையும் சேர்த்தார்கள். கடைசல், துளையிடல், அசெம்பிளி என்று உலர்ந்த வேலை மட்டும் செய்யும் பட்டறை இந்த ஏணியின் கீழ்ப்படியில் நிற்கும். அதே ஷெட்டில் பெயிண்டிங் பூத், வெப்பப் பதப்படுத்தும் உலை என்று ஏதாவது ஒன்று வந்தால் படி ஏறும். பிக்லிங் (அமிலத்தில் கழுவுவது), எலெக்ட்ரோபிளேட்டிங் (மின்முலாம்) வந்தால் நேரே சிவப்பு. ஃபவுண்டரியை (வார்ப்பு ஆலையை) உலையின் கொள்ளளவு முடிவு செய்யும்.

நான் சொல்லும் முதல் யோசனை இங்கேதான் வருகிறது: வேலையைப் பிரியுங்கள். கடைசலை இந்த இடத்தில் வைத்துக்கொண்டு, பிளேட்டிங்கையும் பவுடர் கோட்டிங்கையும் ஏற்கெனவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (அனுமதி) உள்ள யூனிட்டுக்கு ஜாப் ஒர்க்காகக் கொடுத்துவிடுங்கள். கோவையில் அதற்கு ஆளா இல்லை? இப்படிப் பிரித்தாலே பலருக்கு மண்டல மாற்றம் தேவைப்படாமல் போகும். தேவைப்பட்டாலும் கோப்பு பாதி எடைதான் இருக்கும்.

பிளேட்டிங் போன்ற ஈர வேலையை இங்கேயேதான் செய்வேன் என்றால் மண்டல வரைபடத்தைத் திறக்கும் முன் இரண்டு அரசாணைகளைப் பார்க்க வேண்டும். சுற்றுச்சூழல் துறையின் 1989 மார்ச் அரசாணை 213, பட்டியலிட்ட ஆறு, ஏரி, கால்வாய்களின் கரையில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் ஆலைகள் வரக்கூடாது என்கிறது. 1998 மே மாத அரசாணை 127 அதைக் காவிரியும் அதன் கிளை ஆறுகளும் உள்ளிட்ட சில ஆறுகளுக்கு ஐந்து கிலோமீட்டராக நீட்டியது. நொய்யல் காவிரியில் கலக்கும் ஆறு, கோவையின் பெரும்பகுதி அதன் ஓரத்தில்தான் இருக்கிறது. மண்டலத்தைத் தொழிற்சாலை என்று மாற்றி வாங்கினாலும் இந்தத் தூரக் கட்டுப்பாடு விலகாது. இரண்டும் வேறு வேறு சட்டம்.

சரி, கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தும் குடியிருப்பு மண்டலத்தின் பட்டியலுக்குள் அடங்கவில்லை, மாற்றத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

சட்டப்படி இங்கே நடப்பது முழுமைத் திட்டத்தின் திருத்தம். உங்கள் பட்டாவிலோ பத்திரத்திலோ எதுவும் மாறாது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் பிரிவு 32(4) முழுமைத் திட்டத்தைத் திருத்தும் அதிகாரத்தைத் தருகிறது. விரிவு அபிவிருத்தித் திட்டம் (ஊரின் ஒரு பகுதிக்கு மட்டும் போடும் விரிவான திட்டம்) போடப்பட்ட பகுதியாக இருந்தால் பிரிவு 33. கோவையில் பழைய விரிவு அபிவிருத்தித் திட்டங்கள் நிறைய. இரண்டுக்கும் கீழ் வரும் நிலமாக இருந்தால் ஒன்றை மட்டும் திருத்தி வாங்கிவிட்டு வந்தால் திட்ட அனுமதிக் கட்டத்தில் மற்றொன்று குறுக்கே நிற்கும். அதிகாரம் அரசுடையது. நடைமுறையில் சென்னைப் பெருநகரப் பகுதியில் சிஎம்டிஏவுக்கும் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்பு இயக்குநருக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். மனுவை உள்ளூர் திட்டக் குழும அலுவலகம் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். கோவை, மதுரை, திருப்பூர், ஓசூருக்குத் தனி நகர்ப்புற வளர்ச்சிக் குழுமங்கள் அறிவிக்கப்பட்டதால், உங்கள் கிராமத்தின் கோப்பு இன்று எந்த மேசைக்குப் போகிறது என்று ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள்.

முதல் வேலை, நில உபயோகச் சான்று வாங்குவது. சர்வே எண் வாரியாக எழுத்தில் வாங்குங்கள். தரகர் காட்டும் வண்ண வரைபடத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே சர்வே எண்ணை மண்டல எல்லைக்கோடு குறுக்கே வெட்டிப்போவது சாதாரணம். முன்பாதி குடியிருப்பு, பின்பாதி விவசாயம் என்று இருந்தால் மனுவில் இரண்டையும் தனித்தனி பரப்பளவோடு சொல்ல வேண்டும். இன்னொன்று: கோவையில் முப்பது வருடமாக நடப்பில் இருந்தது 1994இல் ஒப்புதல் பெற்ற திட்டம். அதற்கு மாற்றான 2041 திட்டத்தின் வரைவு 2024 பிப்ரவரியில் பொதுமக்கள் கருத்துக்காக வெளியானது. பழைய வரைபடத்தில் குடியிருப்பு என்று இருந்த இடம் புதியதில் வேறாக இருக்கலாம், உங்களுக்குப் பாதகமாகவும் மாறியிருக்கலாம். இரண்டையும் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊரின் முழுமைத் திட்டம் மறுசீராய்வுக்கு வரும்போது, வரைவு மீது ஆட்சேபம், ஆலோசனை தெரிவிக்கச் சட்டமே குறைந்தது இரண்டு மாதம் தருகிறது. அந்தச் சமயத்தில் சர்வே எண், புலப்படம் (நில அளவைத் துறையின் எல்லை வரைபடம்), சுற்றிலும் என்ன இருக்கிறது என்ற படத்தோடு ஒரு மனு கொடுப்பதுதான் மண்டலம் மாற இருப்பதிலேயே மலிவான வழி. தனியாகக் கட்டணம், விளம்பரச் செலவு எதுவும் இல்லை. மாலைப் பேப்பரில் வரும் அறிவிப்பை யாரும் படிப்பதில்லை. திட்டம் ஒப்புதலாகி வந்த பிறகு தனி மனுவோடு வரிசையில் நிற்கிறார்கள். உங்கள் ஊரின் திட்டம் இன்னும் வரைவு நிலையில் இருந்தால் மேலே சொன்ன 32(4)ஐ மறந்துவிட்டு இந்த வழியைப் பிடியுங்கள்.

அடுத்தது ஆவணம். பட்டா, புலப்படம், மூலப்பத்திரம் முதல் இன்றுவரையான பத்திரங்கள், வில்லங்கச் சான்று, நகர நில அளவை முடிந்த பகுதியானால் அந்தப் பதிவேட்டின் நகல், உரிமம் பெற்றவர் தயாரித்த இட அமைப்பு வரைபடம், சுற்றுவட்டார வரைபடம், என்ன தொழில் என்ற விளக்கக் குறிப்பு. பெயர்கள் பார்க்க எளிதாக இருக்கும். கோப்பு திரும்பி வருவது பரப்பளவில்தான். உங்கள் 32 சென்ட்டையே எடுத்துக்கொள்வோம். பத்திரத்தில் 32 சென்ட். அது 1,295 சதுர மீட்டர், அதாவது 12.95 ஏர். பட்டாவைத் திறந்தால் 0 ஹெக்டேர் 12.50 ஏர் என்று இருக்கும். அது 30.9 சென்ட்தான். சங்கிலி போட்டு அளந்தால் பக்கத்து வீட்டு மதில் முக்கால் அடி உள்ளே வந்து இன்னொரு எண் கிடைக்கும். மூன்றில் எது சிறியதோ அதைத்தான் அதிகாரிகள் எடுப்பார்கள். அப்படி எடுத்தால் பரவாயில்லை, 'முரண்பாட்டைச் சரிசெய்து வரவும்' என்று எழுதித் திருப்பிவிட்டால் சர்வேயரிடம் இரண்டு மூன்று மாதம் போய்விடும். ஆகவே மனு கொடுக்கும் முன்பே அளந்து, பட்டாவைச் சரிசெய்து, எல்லைக்கல் நட்டு வையுங்கள்.

மனு போட்ட பிறகு உட்பிரிவு செய்யாதீர்கள். 112/3 என்று மனு நடக்கும்போது அண்ணன் தம்பி பாகம் பிரித்து 112/3ஏ1, 3ஏ2 என்று ஆகிவிட்டால் அரசிதழில் 112/3 என்றே வெளிவரும். பிறகு திட்ட அனுமதிக்குப் போனால் 'இந்த எண்ணுக்கு மாற்றம் இல்லை' என்பார்கள். பிழைதிருத்த அறிவிப்பு வாங்குவது புதிதாக வாங்குவதைப் போலவே அலைச்சல்.

நிலம் வங்கியில் அடமானம் இருந்தால் வங்கியின் தடையின்மைக் கடிதம் முதலிலேயே. வங்கி தயங்கும். காரணம் நியாயமானது: குடியிருப்பு மனையாக அவர்கள் மதிப்பிட்ட ஈடு, தொழிற்சாலை மண்டலமானால் வாங்க ஆள் குறைந்துவிடும். அந்தத் தயக்கத்தை நீங்களும் யோசிக்க வேண்டும், பின்னால் வருகிறேன்.

அடுத்து சாலை. ஆவணம் எல்லாம் சுத்தமாக இருந்தும் விழுகிற கோப்புகள் இங்கேதான் விழுகின்றன. 20 அடித் தெரு 6.1 மீட்டர். முன்வாசலில் 20 அடி இருக்கிறது என்று அளந்து காட்டுவதில் பயனில்லை. உங்கள் இடத்தில் இருந்து பெரிய ரோட்டில் ஏறும்வரை தெரு எங்கே மிகக் குறுகலோ அதைத்தான் பார்ப்பார்கள். டீக்கடை படி நீட்டிக்கொண்டு 15 அடியாக இறுகும் இடம் ஒன்று இருந்தால் உங்கள் தெரு 15 அடித் தெரு. கட்டட விதிகள் தொழிற்சாலைக் கட்டடத்துக்குச் சாலை அகலத்துக்குக் கீழ்வரம்பு வைத்திருக்கின்றன. அந்த அகலம் இல்லாத இடத்துக்கு மண்டலத்தை மாற்றிக் கொடுத்துப் பயனில்லை என்று ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குத் தெரியும்.

வண்டி திரும்புமா என்று நீங்களே ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். 40 அடிக் கன்டெய்னர் பெட்டி மட்டும் 12.2 மீட்டர் நீளம், 2.44 மீட்டர் அகலம். இழுக்கும் வண்டியோடு சேர்த்துச் சுமார் 16 மீட்டர். அது 6 மீட்டர்த் தெருவுக்குள் செங்கோணத்தில் திரும்பவே திரும்பாது. வெளிச்சக்கரம் எதிர்வீட்டுத் திண்ணையில் ஏறும், பின்சக்கரம் மூலைவீட்டுக் கம்பத்தில் உரசும். உங்கள் சரக்கு 14 அடி லாரியிலும் சின்ன யானை வண்டியிலும் போய்விடும் என்றால் விளக்கக் குறிப்பில் அதைத் தெளிவாக எழுதுங்கள்: நாளொன்றுக்கு எத்தனை நடை, எந்த நேரம், ஏற்றி இறக்குவது ஷெட்டுக்கு உள்ளேயா தெருவிலா. இதை எழுதாத மனுவில், படிப்பவர் பெரிய லாரியைத்தான் மனதில் நிறுத்துவார்.

மனு உள்ளே போனதும் கோப்பு எப்படி நகரும்? உள்ளூர் திட்டக் குழும அலுவலகம் இடத்தைப் பார்வையிடும். உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானம் கேட்கும். கோவை மாநகராட்சி என்றால் மாமன்றத் தீர்மானம், ஊராட்சி என்றால் ஊராட்சி மன்றத் தீர்மானம். நிலத்தைப் பொறுத்து மற்றத் துறைகளின் கருத்து: ஓடை, வாய்க்கால், தாழ்வான பகுதி என்றால் நீர்வளத் துறையின் வெள்ளப் பாதிப்பு ஆய்வு; வருவாய்ப் பதிவேட்டில் நன்செய் என்றால் வேளாண் துறை; ரயில்பாதை ஓரம் என்றால் ரயில்வே; மலையடிவாரக் கிராமம், அதாவது மலையிடப் பாதுகாப்புக் குழுமப் பட்டியலில் உள்ளது என்றால் அது தனிக் கதை, இந்தப் பதிலில் அடங்காது. பிறகு தமிழ், ஆங்கில நாளிதழ்களில் அறிவிப்பு. செலவு உங்களுடையது. ஆட்சேபம் வந்தால் விசாரணை. அதற்குப் பின் இயக்குநரகத்தில் தொழில்நுட்பப் பரிசீலனை, ஒப்புதல், கட்டண அறிவிப்பு, கட்டியதும் அரசிதழ். அரசிதழில் வெளியான அன்றுதான் மண்டலம் மாறுகிறது. 'ஃபைல் ஓகே ஆகிடுச்சு' என்று யாரோ சொன்னதை வைத்துத் தூண் நிறுத்தியவர்கள் நோட்டீஸ் வாங்கியிருக்கிறார்கள்.

காலம் மாதக்கணக்கில் போகும், வருடத்தைத் தாண்டுவதும் உண்டு. மெஷின் லோனின் முதல் தவணை எப்போது ஆரம்பிக்கிறது என்பதை இதோடு பொருத்திப் பாருங்கள்.

இனி, பக்கத்து வீட்டுக்காரர்கள். விளம்பரம் வந்ததும் ஆட்சேபம் எழுதப்போவது அவர்கள்தான். எழுதவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அவர்கள் வீடு வாங்கியது குடியிருப்பு மண்டலத்தை நம்பி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. தொழிற்பகுதியில் 75, 70. காலை 6 முதல் இரவு 10 வரை பகல் என்று கணக்கு. உங்கள் 32 சென்ட் மாறினாலும் மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருப்புதான், அங்கே 55உம் 45உம்தான். இரவு ஷிப்ட் ஓட்டும் எண்ணம் இருந்தால் இந்த 45ஐ எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்று இப்போதே பதில் வையுங்கள். லேத் சத்தத்தைச் சுவரும் கதவும் தடுத்துவிடும். பவர் பிரஸ் அப்படி அடங்காது. அதன் அடி தரை வழியாகப் போகிறது. ஷெட்டின் தரைக் கான்கிரீட்டோடு ஒட்டாமல், சுற்றிலும் இடைவெளி விட்டுத் தனி அடித்தளக் கட்டை போட்டு, அதிர்வு தாங்கிகள் மேல் பிரஸ்ஸை உட்கார வைக்க வேண்டும். இடைவெளிக்குள் பின்னால் சிமென்ட் கலவை கொட்டி நிரப்பிவிட்டால் செய்ததெல்லாம் வீண், பக்கத்து வீட்டுப் பாத்திரம் குலுங்கும். கம்ப்ரஸரைப் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஒட்டிய மூலையில் வைப்பது ஏனோ எல்லாப் பட்டறைகளிலும் நடக்கிறது. தெருப்பக்கம் வையுங்கள்.

ஆட்சேபம் சத்தம், லாரி, நிலத்தடி நீர், தீ என்று நான்கைந்து தலைப்புக்குள்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் விசாரணையில் வரைபடத்தோடு பதில் சொல்லுங்கள். 'எல்லா விதிகளையும் கடைப்பிடிப்போம்' என்ற ஒரு வரிக் கடிதம் யாரையும் சமாதானப்படுத்தாது. விளம்பரம் வருவதற்கு முன்பே நான்கு வீடுகளுக்கும் போய் உட்கார்ந்து பேசிவிடுவது வக்கீல் வைப்பதைவிட நல்லது.

நிராகரிப்பின் பெரிய காரணம் இன்னொன்று: தனித்தீவு. நான்கு பக்கமும் வீடு, நடுவில் உங்கள் 32 சென்ட் மட்டும் தொழிற்சாலை என்று வரைபடத்தில் ஊதாப் பொட்டு வைக்க எந்தத் திட்ட அதிகாரியும் விரும்பமாட்டார். ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்தவர் அதையே காட்டிக் கேட்பார். ஏற்கெனவே உள்ள தொழிற்சாலை மண்டலத்தை உங்கள் இடம் ஒரு பக்கமாவது தொட்டுக்கொண்டிருந்தால் கதையே வேறு, அப்போது அது எல்லைக்கோட்டைக் கொஞ்சம் நகர்த்துவது. அப்படித் தொடாவிட்டால், இடையில் உள்ள நிலத்துக்காரர்களும் பட்டறை வைத்திருந்தால் எல்லோரும் சேர்ந்து ஒரே தொகுதியாக விண்ணப்பியுங்கள். இரண்டு ஏக்கர் தொகுதியின் மனுவுக்கு, சாலையை அகலப்படுத்த எல்லோரும் முன்பக்கம் நிலம் விட்டுக்கொடுக்கிறோம் என்று சொல்லும் பலம் இருக்கும். 32 சென்ட்காரருக்கு அது இல்லை.

அங்கீகரிக்கப்பட்ட குடியிருப்பு மனைப்பிரிவுக்குள் இருக்கும் மனை என்றால் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், முயற்சியே வேண்டாம். அந்த லே-அவுட்டின் ரோடு, பூங்கா எல்லாம் வீடுகளின் கணக்கில் விடப்பட்டவை. மற்ற மனைக்காரர்கள் எல்லோரும் உங்களுக்கு எதிர்க்கட்சி.

அரசிதழ் கையில் வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அதில் நிபந்தனைகள் இருக்கும். குறிப்பிட்ட வகைத் தொழில் மட்டும், இத்தனை மீட்டர் பசுமை இடைவெளி, திட்ட அனுமதியின்போது சாலைக்கு நிலம் விட வேண்டும் என்று வரும். பசுமை இடைவெளியையும் பக்கத் திறவிடத்தையும் (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடம்) ஷெட்டின் அளவோடு போட்டுப் பார்க்காமல் பலர் மனு கொடுக்கிறார்கள். உங்கள் இடம் 24 மீட்டர் முகப்பு, 54 மீட்டர் ஆழம் என்று வைப்போம். பேச்சுக்கு முன்பக்கம் 6 மீட்டர், மற்ற மூன்று பக்கமும் 3 மீட்டர் விட்டால் ஷெட்டுக்கு மிஞ்சுவது 18க்கு 45, அதாவது 810 சதுர மீட்டர். மொத்தத்தில் 62 விழுக்காடு சொச்சம். அதற்குள் பார்க்கிங், மின்மாற்றி மேடை, மழைநீர்க் கிணறு, கழிவுநீர்த் தொட்டி. சின்ன இடத்தில் ஓரங்களே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடும்.

பிறகு வரிசையாக: நகர் ஊரமைப்புச் சட்டத்தின் பிரிவு 49இன் கீழ் திட்ட அனுமதி, உள்ளாட்சியின் கட்டட அனுமதி, வளர்ச்சிக் கட்டணம், உள்கட்டமைப்புக் கட்டணம், கட்டடச் செலவில் ஒரு விழுக்காடு தொழிலாளர் நலநிதி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவுவதற்கான இசைவாணை, அதற்கு இந்த நில உபயோகச் சான்றையே கேட்பார்கள். மெஷின் நிறுத்திய பிறகு இயக்குவதற்கான இசைவாணை. ஆள் எண்ணிக்கையைப் பொறுத்துத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் வரைபட ஒப்புதல். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் மின்விசையோடு 10 பேர், இல்லாமல் 20 பேர் என்று இருந்த வரம்பை 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 20, 40 என்று உயர்த்தியது. தீயணைப்புத் துறை, மாநகராட்சித் தொழில் உரிமம். மாவட்டத் தொழில் மையம் வழியாக ஒற்றைச் சாளரத்தில் இவற்றில் பலவற்றுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கலாம். மண்டல மாற்றத்தை மட்டும் ஒற்றைச் சாளரம் குறுக்குவழியில் தந்துவிடாது. திட்ட அனுமதி மறுக்கப்பட்டால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் பிரிவு 79இல் மேல்முறையீடு உண்டு. மண்டல மாற்றத்தை உரிமையாகக் கேட்க முடியாது. அது அரசின் கொள்கை முடிவு. நீதிமன்றம் போனாலும், முறைப்படி பரிசீலித்தார்களா என்பதைத்தான் பார்க்கும்.

இடம் காலியாக இல்லாமல், ஏற்கெனவே பட்டறை ஓடிக்கொண்டிருந்தால்? கணபதி, பீளமேடு பக்கம் வீட்டுக்குப் பின்னால் லேத் போட்டு வளர்ந்த தெருக்கள் எத்தனையோ. 'இருபது வருடமா ஓடுது, யாரும் கேக்கல' என்பது பாதுகாப்பு ஆகாது. தில்லியில் அது எப்படி முடிந்தது என்று தெரியும். எம்.சி. மேத்தா வழக்கில் 2004 மே 7 அன்று உச்ச நீதிமன்றம், குடியிருப்புப் பகுதிகளில் 1990 ஆகஸ்ட் 1 முதல் முளைத்த தொழிற்சாலைகளை மூட உத்தரவிட்டது. இங்கேயும் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் பிரிவு 56, 57இன் கீழ் நோட்டீஸ் கொடுக்கவும், நிறுத்தவும், அகற்றச் சொல்லவும் திட்டக் குழுமத்துக்கு அதிகாரம் உண்டு. அதைத் தட்டி எழுப்ப ஒரு பக்கத்து வீட்டுப் புகார் போதும். ஓடும் பட்டறைக்காரர் மனு கொடுக்கும்போது தன் மீறலைத் தானே எழுதிக் கொடுப்பது போல ஆகிறது. அதனால் முதலில் எச்.பி.யையும் ஈர வேலையையும் குறைத்து, பட்டியலுக்குள் அடங்க முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் மனுவைத் தொட வேண்டும்.

வீட்டு மின் இணைப்பில் மெஷின் ஓட்டுவது தனி ஆபத்து. 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி அங்கீகாரமற்ற உபயோகம் என்று பிடித்தால் உரிய வகைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு மதிப்பிடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் சோதனைக்கு முந்தைய 12 மாதத்துக்கும் போடலாம். 12 கிலோவாட்டுக்குள் அடங்கும் குறுந்தொழிலுக்குத் தனி மலிவு வீதம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகக் காசுக் கணக்கு. ஊரே தொழிற்சாலை நிலத்தைக் குடியிருப்பாக மாற்றி அபார்ட்மென்ட் கட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் எதிர்த்திசையில் போகிறீர்கள். மாநகராட்சிக்குள் 32 சென்ட் குடியிருப்பு நிலம் தொழிற்சாலை மண்டலமானால், வாங்குபவர் வட்டம் சுருங்கும், சொத்துவரி வகை மாறும், திரும்பக் குடியிருப்பாக்க இதே பாதையில் இன்னொரு முறை நடக்க வேண்டும். அதே பணத்துக்கு குறிச்சி மாதிரி ஒரு சிட்கோ பேட்டையிலோ (அரசின் சிறுதொழில் பேட்டை) தனியார் தொழிற்பேட்டையிலோ ஷெட் வாடகைக்கு எடுத்தால் சாலை, மண்டலம், பக்கத்து வீடு என்ற மூன்று தலைவலியும் இல்லை. உங்கள் விவரத்தில் 20 அடித் தெருவும் 33 எச்.பி.யும் இருப்பதால் நான் செய்யச் சொல்வது இந்த வரிசை: இந்த வாரம் நில உபயோகச் சான்றுக்கு மனு. அது வருவதற்குள் பெரிய ரோடு வரை தெருவை டேப் பிடித்து அளப்பது. தெருவின் இறுகிய இடம் விதியின் அகலத்துக்குக் கீழே இருந்தால் மண்டல மாற்றத்தை அங்கேயே விட்டுவிட்டு, பட்டியலுக்குள் அடங்கும் அசெம்பிளி, பேக்கிங்கை மட்டும் இங்கே வைத்து, சிஎன்சிக்குப் பேட்டையில் இடம் தேடுவது. தெருவும் அகலம், பக்கத்தில் தொழிற்சாலை மண்டலமும் தொடுகிறது என்றால் சர்வேயரைக் கூப்பிடுங்கள்.